ஐந்தாம் இலக்க லயத்தின் பின்புறம் அளக்கப்படாத மண்

அனுப்புபவர்:
சோ. பேச்சியம்மா,
5ஆம் இலக்க லயம் (தற்சமயம் தோட்டப் பாடசாலை மண்டபம்),
கிளென்ஹோப் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.

பெறுபவர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

விடயம்: வேறு இடத்தில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டி எங்களை லயத்துக்குத் திருப்பி அனுப்புவதை நிறுத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. முருகப்பெருமான் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் காக்க வேண்டும். நான் இத்தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். வயது ஐம்பத்தேழு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டி சாமி கல்லுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைப்பவளும் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும்.

2. லயத்துக்கு மேலே உள்ள மலையில் சுற்றுலா விடுதி கட்டுவதற்காகக் கம்பனி, கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தி, கடந்த செப்டெம்பர் மாதம் மண்ணைப் பரிசோதித்தது. லயத்தின் பின்புறம் நிலம் வெடித்திருப்பதாக நாங்கள் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தோம். வந்த கையோடு அதையும் பார்த்துவிடுவார்கள் என்று தோட்டத் துரை சொன்னார்.

3. வந்த எஞ்சினியர் யோகேஸ்வரன் தம்பி பொறுமையானவர். கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். நீள வயரில் இருபத்துநான்கு கருவிகள்; ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இரும்பு ஆணி. அவற்றை வரிசையாக மண்ணில் குத்திவிட்டு, ஓர் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அந்த அதிர்ச்சி மண்ணுக்குள் ஓடும் வேகத்தை வைத்து, உள்ளே இருப்பது பாறையா தளர்ந்த மண்ணா என்று பெட்டி காட்டிவிடுமாம்.

4. வெடிப்பு ஓடுவது சரியாக முனி கல்லின் அடியில். முதல் ஆணியை அங்கே குத்தப் போனார்கள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். "சாமி, அந்த எடத்துல மட்டும் இரும்ப எறக்காதீங்க. முனி குத்தம் பொல்லாதுங்க" என்றேன். அவர், "அம்மா, வெடிப்பு இதுலதானே போகுது, இங்க வைக்காட்டி வேற என்னத்த அளக்கிறது?" என்று கேட்டார். நான் அசையவில்லை. கூட வந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சிரித்துக்கொண்டே, "இந்தம்மா முனிக்கு வக்கீலு. கோட்டுக்குப் போக எனக்கு நேரமில்ல. மடுவத்துப் பக்கம் வயரப் போட்டு முடிங்க" என்றார்.

5. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. லயத்திலிருந்து நூற்றைம்பது அடிக்கு அப்பால், ஆணி இறங்கும் அளவு மண்ணுக்கு அடியில் முழுப் பாறையாக இருக்கும் இடத்தில் நிற்கிறது. சம்மட்டி அடிக்கும்போது யாரும் நடக்கக் கூடாது என்றதால், கொழுந்தோடு வந்த பெண்கள் தலைச்சுமையை இறக்காமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் என் கோழிகளைக் கூடை போட்டு மூடினேன். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் பிளேன்டீ கொடுத்தேன். சாமியைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஐயா.

6. நவம்பர் 26ஆம் திகதி காலை, மழையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போயிருந்த நேரம், பின்பக்க மண் இறங்கியது. லயத்தின் கடைசி வீடான காம்பராவில் காய்ச்சலோடு படுத்திருந்த என் தம்பி மகள் வினோதா இறந்துபோனாள். வயது இருபத்தாறு. மத்தியானம்தான் எடுக்க முடிந்தது. முனி கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை வைத்த விளக்குகூடச் சாயாமல் இருந்தது. இப்போது வெடிப்பு மற்றக் காம்பராக்களின் பின்னாலும் கை நுழையும் அகலத்துக்குத் திறந்திருக்கிறது.

7. மிஞ்சிய பதின்மூன்று குடும்பங்களும் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறோம். பாடசாலை தொடங்கப் போவதால் இம்மாதம் 20ஆம் திகதிக்குள் லயத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் கடிதம் கொடுத்துள்ளது. விழுந்தது மேல்மண் மட்டுமே, உள்ளே பாறை உறுதியாக உள்ளது என்று அந்த மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டுகிறார்கள். அது இங்கிலீசில் இருப்பதால், மஸ்கெலியா டவுனில் கடை வைத்திருக்கும் ஹமீத் முதலாளியிடம் அதைக் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். அளந்த இடம் "5ஆம் இலக்க லயத்தின் பின்புறம்" என்றே அதில் இருக்கிறதாம். இடம் மாறியது பற்றி ஒரு வரியும் இல்லை. "மெஷின் பொய் சொல்லுமா?" என்று ஆபீசில் கேட்கிறார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை, ஐயா. அது மடுவத்துப் பாறையைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது.

8. அத்தாட்சி உண்டு. ஆணி குத்திய இடங்களின் பக்கத்தில் உள்ள கல்லில் மஞ்சள் பெயின்டால் 1 முதல் 24 வரை இலக்கம் போட்டார்கள். அவ்வளவும் மடுவத்துப் பக்கம் இன்னும் அழியாமல் இருக்கின்றன. லயத்தின் பின்னால் ஒன்றுகூடக் கிடையாது.

9. ஆகவே, 20ஆம் திகதிக்கு முன் தாங்கள் அதிகாரிகளை அனுப்பி அந்த இலக்கங்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். லயத்தின் பின்புற மண்ணை வெடிப்பின் மேலேயே வைத்து அளக்க வேண்டும். அதுவரை ஒரு பிள்ளையைக்கூட அந்தக் கூரைக்குக் கீழே படுக்க அனுப்பக் கூடாது. இடத்தை மாற்ற வைத்தது நான் என்பதையும் இந்த மனுவின் கோவையில் எழுதிக்கொள்ளுங்கள்.

10. முனி கல்லை நேற்று மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மன்னிப்புக் கேட்டு, நானே பெயர்த்துக் கோவில் மரத்தடியில் வைத்துவிட்டேன். இடம் காலியாக இருக்கிறது. இந்தத் தடவை நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

11. கடைசியாக ஒன்று. இதனுடன் இணைத்துள்ள பட்டியலில் முதல் கையொப்பம் வினோதாவின் புருஷன் பிரதாப் போட்டது. அத்தை எழுதினால் சரியாக இருக்கும் என்று மனுவை வாசிக்காமலே போட்டுவிட்டார். மேலே 4ஆம் இலக்கப் பந்தியில் உள்ளது அவருக்கு இன்னும் தெரியாது. விசாரணைக்கு வரும் நாளை எனக்கு ஒரு நாள் முன்னதாக அறிவித்தால் பெரும் உதவி. அவரிடம் அதை நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,

சோ. பேச்சியம்மா
(கையொப்பம்)

இடம்: மஸ்கெலியா
திகதி: 06.01.2025

இணைப்பு: பதின்மூன்று குடும்பத்தாரும் பிரதாப்பும் இட்ட கையொப்பப் பட்டியல்