சுழி விட்டுப்போன தெரு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ‘நாய் ஜாக்கிரதை’ பலகை இரண்டு எழுதினேன். இரண்டு வீட்டிலும் நாய் கிடையாது. மாலையில் பாரம்பரியக் குழுத் தலைவரான பேராசிரியர் கடைக்கு வந்தார். எங்கள் தெருவின் வரலாற்றைக் கல்லில் வெட்டப்போகிறாராம். ஒரு ராஜா இந்த வழியாக வந்தபோது மழை பிடித்துக்கொண்டதாம், தெருவே திரண்டு வந்து குடை பிடித்ததாம். அதனால்தான் இது குடைத் தெருவாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

மார்ச் 5

ராஜாவும் வரவில்லை, மழையும் பெய்யவில்லை. இது கூடைத் தெரு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் மாநகராட்சிப் பலகையில் ‘கூ’வுக்குப் பதில் ‘கு’ எழுதியவன் நான். நல்ல வெயில், பசி வேறு. அதைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான், கூடைக்கடைக்குப் புதிதாக வந்திருந்த மருமகள். “அண்ணே, சுழியைக் காணோமே?” என்றாள். “பெயின்ட் காஞ்சா வந்துடும், போம்மா” என்று விரட்டினேன்.

மார்ச் 11

கல் திறப்பு விழாவில் எனக்கு மேடை மரியாதை! ‘தெருவின் மூத்த கலைஞர்’ என்று அழைப்பிதழில் போடுகிறார்களாம். வீட்டில் சொன்னேன். “முப்பத்தொரு வருஷமா என் கண்ணுக்குத் தெரியாத கலைஞர் அவருக்காவது தெரிஞ்சாரே” என்றாள் மனைவி. புதுச் சட்டை எடுத்தேன். உண்மையை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 19

பாரம்பரியக் குழு சொல்லி, மாநகராட்சியிலிருந்து தெருக் கடைகளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. தெருவின் வரலாற்றோடு பொருந்தாத கடைகள் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். செல்போன் கடைக்காரன் வாசலில் நான்கு குடையை விரித்து வைத்துப் பாரம்பரியம் ஆகிவிட்டான். கூடைக்கடை பொருந்தவில்லையாம்! தெருவுக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் கடைதான்.

அன்றைய மருமகள் இன்று கடைக்கே முதலாளி. நோட்டீஸோடு வந்து நின்றாள்.

“நாலு குடையைத் தொங்கவிட்டா நானும் இருக்கலாமாம் அண்ணே. நான் ஏன் தொங்கவிடணும்? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24

போய்ச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“ஐயா, அந்தப் பலகை முப்பத்தொரு வருஷ ஆவணம். நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா?”

நான்தான்யா ஆதாரம்! தப்புப் பண்ணினவனே எதிர்ல உக்காந்து சொல்றேன், நம்ப மாட்டேங்கறாரே! கல்லை வேறு வெட்டி முடித்துவிட்டார்களாம். முதல் நாளே வாயைத் திறந்திருந்தால்? — சட்டை ஆசை. வேறென்ன.

மார்ச் 30, ஞாயிறு

கல் திறப்பு விழா மேடையில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். “அது குடை இல்லீங்க, கூடை. தப்பு என் கையில.” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. “என்ன ஒரு நகைச்சுவை உணர்வு!” என்று பேராசிரியர் முதுகில் தட்டினார். கூடைக்கடைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. பாதியிலேயே எழுந்து, சாமான் கட்டப் போய்விட்டாள்.

ஏப்ரல் 18

கூடைக்கடை காலி. அந்த இடத்தில் காபிக் கடை வருகிறது. பெயர் ‘ராஜ குடை’. பலகை எழுதக் கூப்பிட்டார்கள். கை வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் டாக்சிக்காரரிடம், “கூடைத் தெரு போகணும்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி எங்கள் தெருவை எட்டிக்கூடப் பார்க்காமல், பின்னால் இருக்கும் பெயரில்லாத சந்தில் திரும்பியது. பின்னாலேயே நடந்தேன்.

சந்து முழுக்க ஆட்கள். நடுவில் கூடைக்கடை.

“எல்லாரும் கூடைத் தெருன்னே கேட்டு வர்றாங்க. பலகை வைக்க அனுமதியும் வாங்கிட்டேன். எழுதித் தாங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

“என்னையா எழுதச் சொல்றே?”

“உங்களைத்தான்.”

எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தூரிகையைத் துடைக்கப் போனேன்.

“இருங்க. கீழே உங்க பேரையும் போடுங்க. நாளைக்கு எவனாவது ஆதாரம் கேட்டா, ஆளைக் காட்டணும்ல?”

இத்தனை வருஷத்தில் ஒரு பலகையிலும் நான் பெயர் போட்டதில்லை. போட்டேன்.