பின்மண்டையில் பட்ட அடி

இன்று காலை கிள்ளான் பாசாரில் கசாப்புக்காரர் ஓர் ஆட்டுத்தலையைப் பிளந்தார். வெளுத்த அந்த மூளையைக் கண்டதும் உன்மேல் கோபம் பொங்கிவிட்டது. நீ போய் நான்கு வருடமாகிறது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் தங்கி இருவரும் டாக்டருக்கு உதவியாகக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் வேலைப் பரீட்சைக்குப் படித்தோம். ஞாயிறுதோறும் ஆட்டுத்தலை வாங்கி வருவாய். மீனானாலும் மனிதனானாலும், முதுகெலும்புள்ள எதற்கும் மூளை மூன்று பாகம் என்று கத்திமுனையால் தொட்டுக் காட்டுவாய்.

"முன்மூளை, நடுமூளை, பின்மூளை. முன்னால பெருமூளை, அது நெனைக்கும். நடுவுல உள்ளது கண்ணு, காது சேதியக் கேக்கும். பின்னால சிறுமூளை, தள்ளாடாம நடக்க வைக்கும். அதுக்குக் கீழ முகுளம், மூச்சு அதோட கையில. அது நின்னா தொரயும் ஒண்ணு, கூலியும் ஒண்ணுடா!"

பாடம் முடிந்ததும் மிளகு போட்டு வறுத்துத் தின்போம். பரீட்சையில் நீதான் முதல். ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது.

அவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தாய்? மழைநாளில் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தாய். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் வார்டில் கால் பின்னித் தள்ளாடினாய். மருந்துக் குப்பியை எடுக்க நீட்டிய கை, குப்பியைத் தாண்டிப் போனது.

"கள்ளு குடித்திருக்கிறான், அறையில் போட்டுப் பூட்டு" என்றார் வெள்ளைக்கார டாக்டர்.

கள்ளைத் தொட்டே பார்க்காதவன் நீ. "வாயை முகர்ந்து பாருங்கள் ஐயா, தலையில் அடிபட்டிருக்கலாம்" என்றேன்.

"நீ டாக்டரா, டிரெசரா?" என்றார்.

உன் பக்கம் குனிந்தேன். "விழுந்தியாடா? சொல்லு!"

"படியில வழுக்கிட்டேன். படுத்தா சரியாப் போயிடும். வேலைக்கு உலை வச்சிடாத. வாய மூடு."

மூடினேன். மாலையில் வாந்தி எடுத்தாய். மூச்சு விட்டுவிட்டு வந்தது. உள்ளே வீங்கி முகுளத்தை நெருக்குகிறது என்று எனக்குப் புரிந்தபோது, டாக்டரை அழைக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

குடியால் மரணம் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள். மறுத்தேன். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தறைக்குத் தூக்கியடித்தார்கள். அந்தத் தாளில் இன்றும் நீ குடிகாரன்தான். உன் அம்மாவுக்கும் ஊருக்கு அப்படித்தான் எழுதினார்கள். அவர் எப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றார் என்று நான் தனியே ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை.

போன மாதம் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் ஒருவரைக் கங்காணி இழுத்து வந்தார். "குடிகாரப் பய, வெளிய கெடக்கட்டும்லா."

அவரை மூக்கைத் தொடச் சொன்னேன். விரல் கன்னத்தில் போய் முட்டியது. பின்தலையில் கிளை விழுந்த வீக்கம். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் சத்தத்தை மதிக்காமல், தோட்டத்து லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போனேன். பிழைத்துக்கொண்டார்.

அந்த டாக்டரை மன்னிக்கவில்லை. வேலைக்குப் பயந்த உன்னையும் மன்னிக்கவில்லை. நீ சொன்னாய் என்று வாயை மூடிக்கொண்ட என்னை எப்படி மன்னிப்பது? இப்போது யார் சொன்னாலும் நான் மூடுவதில்லை.