கல்பனா கையில் என் போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நைனாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் நர்சுகள் மதியம் சற்றுப் படுக்க ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். படுப்பவள் தன் போனை உடன் வேலை செய்பவளிடம் கொடுத்துவிட வேண்டும். நேற்று நான் தூங்கும்போது நீ கூப்பிட, கல்பனா எடுத்திருக்கிறாள். எழுந்ததும் அவள் சொல்கிறாள்: "உங்க ஊட்ல பசு கன்னு போட்டுகீதாம். அம்மா என்னை இன்னா சாப்ட்டேன்னு கேட்டாங்க, பேசிக்கினே இருந்தாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் நீ அப்படிப் பேசி எத்தனை நாளாகிறது?

போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம். எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு, எனக்கு மட்டும். இனி அவள் எடுத்தால், என்னை எழுப்பச் சொல். தூக்கம் எனக்கு முக்கியமில்லை.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

உன் ஒரே மகள்,
பூமிகா