சுவருக்கு முன்னே வந்த வாசல்

அக்கா,

இன்று காலை எதிர் வீட்டில் வாசக்கால் வைத்தார்கள். இழைத்த வேப்பமரத்தின் வாசனையும், அதன்மேல் பூசிய மஞ்சளின் வாசனையும் தெருவைத் தாண்டி நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "போர்டு உத்தரவு இன்னும் வரலீங்க. ஆனா நல்ல நாள் போயிருமேன்னு நெலையை மட்டும் வச்சுட்டமுங்க" என்றார். ஏதோ உலகத்திலேயே அவர்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம். இந்த வித்தைக்கு மூலக்காரி எங்கள் வீட்டில் இருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள், விட்டுவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால் உங்களிடமே சொல்கிறேன். நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. "அதனால என்ன, எனக்குக் காது கேக்காதுன்னு யாரு சொன்னது?" என்பீர்கள்.

உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்தபோது, இந்த வீடு என்னைவிடச் சில வாரம்தான் மூத்தது. தையில் கிரகப்பிரவேசம், மாசியில் எங்கள் கல்யாணம். முன்னால் இரண்டு தறி போட்ட கூடம், அதை ஒட்டி ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் வெறும் புழக்கடை. தம்பியின் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்து அண்ணனும் தம்பியும் ஒரே அறையோடு நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஜாதகம் அவர்களை முந்திக்கொண்டது. நான் வந்த அன்றைக்கே நீங்கள் உங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் தடுத்தேன். "நாங்க தறியோட படுத்துப் பழகுனவங்க. நீ போய் அறையில படு, அம்மிணி" என்று என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினீர்கள்.

என் பிறந்த ஊரான இளம்பிள்ளையிலிருந்து வந்த அப்பா, தறிக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த உங்கள் பாயைப் பார்த்துவிட்டார். அவருக்கு முகமே மாறிப்போயிற்று. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார்: "மூத்தவங்க தறிக்குழியோரம் படுக்க, எம்புள்ள அறையில படுக்கறது மொறையில்லீங்க. நம்ம ஊட்டுல எடம் கெடக்குது. புள்ளையும் மாப்பிள்ளையும் அங்க வந்து இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் இவருக்கு மாமனார் வீட்டோடு போய் உட்காருவது வேப்பங்காய். எனக்கு உங்களை விட்டுப் போவது அதைவிடக் கசப்பு. அண்ணன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக, பேச்சுக்கு ஆளில்லாமல் வளர்ந்தவள் நான். இந்த வீட்டில் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும்போதுகூட நமக்கு வாய் ஓய்ந்ததில்லை. ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொள்வார்கள் என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்கு வாய்த்தது நீங்கள்!

நீங்கள்தான் வாயைத் திறந்தீர்கள். "பின்னால ஒரு அறை எடுக்கறமுங்க மாமா. தலை தீபாவளிக்கு இவங்க உங்க ஊட்டுக்கு வாரப்ப, அறை முடிஞ்சிருக்கும். முடியலீன்னா நீங்களே வச்சுக்கங்க." அப்பா ஒப்புக்கொண்டார். அவர் தெருமுனை தாண்டிய பிறகு உங்கள் வீட்டுக்காரர், நம் பெரியவர், உங்களைக் கேட்டார், "அறை எடுக்கறதா? எப்ப முடிவு பண்ணுன?" "இப்பத்தான்" என்றீர்கள்.

கட்டடம் எடுக்கப் பஞ்சாயத்து போர்டில் உத்தரவு வாங்க வேண்டும், அதற்குப் பிளான் வேண்டும் என்று தெரிந்ததும் இவர் குதித்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார். சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டக் காகிதத்தில்தான் வரைந்தார். அளவு, வாசல், ஜன்னல் எல்லாம் கச்சிதம். அதோடு விட்டாரா? நாலு பக்கமும் வெறுமையாக இருக்கிறதே என்று ஓரம் முழுக்கக் கோபுரக் கரை போட்டுவிட்டார். நமக்கெல்லாம் பார்க்கப் பெருமையாக இருந்தது. பங்குனியில் கொடுத்த பிளான் சித்திரையில் திரும்பி வந்தது. குமாஸ்தா அந்தக் கோபுரக் கரையைச் சுற்றுச்சுவர் என்று எடுத்துக்கொண்டு, சந்து வழியை அடைத்து மதில் கட்டுகிறீர்களா, அதுவும் பல் பல்லாகவா, அதன் அளவு எங்கே என்று கேட்டு எழுதியிருந்தார். இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் தறிக்கட்டையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "நல்லவேளைங்க தம்பி, முந்தானை போடாம உட்டீங்க!"

கரையில்லாத பிளான் ஒன்றை வரைந்து கொடுத்தாயிற்று. ஓவர்சியர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். அவரோ நாலைந்து ஊருக்கு ஒரே ஆள். பெரியவர் ஒவ்வொரு வாரமும் ஆபீசுக்குப் போய் "அடுத்த வாரம்" என்ற பதிலை வாங்கி வந்தார். வைகாசி பாதி போய்விட்டது. வைகாசியை விட்டால் ஆனி, ஆடியில் நிலை வைக்க மாட்டார்கள், பிறகு ஆவணிதான். ஆவணியில் ஆரம்பித்துத் தீபாவளிக்குள் எப்படி முடியும்? நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். நீங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினீர்கள். அவர் பயந்தார். "உத்தரவு இல்லாமச் செவுரு எழுப்பக் கூடாதுங்களே." "செவுரு எழுப்பத்தான உத்தரவு வேணும்? வாசலுக்கு எதுக்குங்க?" என்றீர்கள்.

அப்படித்தான் நம் புழக்கடையில் ஒரு வாசல் மட்டும் வந்து நின்றது. மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம், பூஜை எல்லாம் முறைப்படி. இரண்டு பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுத்து, வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நிலை! தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "திருடன் வந்தா வாசல் வழியாத்தான் வரோணுமாக்கும்" என்று கேலி செய்தார்கள். "வரட்டுங்க, வந்தா வாசல்ல காலைக் கழுவிட்டு வரச் சொல்றேன்" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டீர்கள். பூஜை போட்ட வாசல், யாரும் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. உள்ளே போகிறவர்கள் நிலை வழியாகத்தான் போக வேண்டும். காலையில் கோலமாவால் நாலு சுவரையும் தரையில் இழுத்துவிடுவீர்கள். விளக்கு மாடம் இங்கே, என் டிரங்குப்பெட்டி அங்கே, சேலை போட மூங்கில் கொடி அந்த மூலையில். சாயங்காலம் அந்தக் கோட்டுக்குள்தான் நால்வரும் பாய் போட்டுச் சாப்பிட்டோம். கோழி கோட்டைத் தாண்டினால், "செவுத்துல முட்டிக்குமே, ஓட்டு அம்மிணி!" என்று என்னை விரட்டுவீர்கள். கட்டி முடித்த வீட்டில்கூட எனக்கு அத்தனை குஷி இருந்ததில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் இன்றைக்கு உத்தரவு வந்துவிடும் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வராது. நான் உம்மென்று இருப்பேன். "மொகத்தைத் தூக்கி வச்சா அறை வந்துருமா? வா, ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கறதுன்னு பாக்கலாம்" என்று இழுத்துப் போவீர்கள்.

ஆவணியில் ஒரு மத்தியானம், அண்ணனும் தம்பியும் நெய்த சேலையைக் கடையில் போடச் சேலம் போயிருந்த நேரம், ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். உத்தரவுக்கு முன்னால் வேலை தொடங்கிவிட்டார்கள் என்று அவர் எழுதினால் பிளான் தள்ளுபடி. தீபாவளியோடு நான் இளம்பிள்ளைக்காரி. அவர் புழக்கடைக்கு வந்து நிலையைப் பார்த்தார். புருவம் மேலே போயிற்று.

"என்னம்மா இது? வேலையை ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க சாமி. செவுரு இருக்குதுங்களா? கூரை இருக்குதுங்களா? நல்ல நாள் நிக்காதுங்களே, அதுக்கு மட்டும் எடம் போட்டு வச்சோம். உள்ள வாங்க."

அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நடந்தார். மூன்று பக்கமும் திறந்த வெளி. எந்தப் பக்கமாகவும் போயிருக்கலாம். அவர் நேரே நிலைக்கு முன்னால் வந்து நின்றார். மாவிலையைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார். குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். உள்ளே வந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. திரும்பித் தன் பூட்ஸைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். நான் உங்கள் முந்தானைக்குப் பின்னால் சிரித்தேன்.

"இப்ப நான் என்னம்மா எழுதறது?"

"கண்ணுக்குத் தெரியறத எழுதுங்க. காலி எடமுங்க."

காலி இடம் என்றே எழுதினார். நீங்கள் போட்ட பாயில் உட்கார்ந்து மோரும் குடித்தார். போகும்போது மறக்காமல் நிலை வழியாகவே போனார்.

அப்புறமும் இழுத்தது. கடலைக்காய் பிடுங்கும் காலம். போர்டு மெம்பர்கள் கடலைக்காட்டை விட்டு வராததால் கூட்டம் கூடவில்லை. உத்தரவு புரட்டாசியில் வந்தது. பெரியவர் தெருமுனையிலிருந்தே காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். புரட்டாசியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்களே என்று பக்கத்து வீட்டில் இழுத்தார்கள். "நாங்க வைகாசியிலயே தொடங்கியாச்சுங்க!" என்றீர்கள். மறுநாள் காலை உங்கள் கோலக்கோட்டின்மேல் கொத்தனார் கடைக்கால் தோண்டினார்.

சுவர் மளமளவென்று எழும்பியது. நான் உள்ளே நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தேன், நீங்கள் பின்பக்கம் திறந்திருந்த சமையல்கட்டில் இருந்தீர்கள். இடுப்பு உயரம் வரைக்கும் பேச்சு தடையில்லாமல் நடந்தது. தோள் உயரம் வந்தது. ஒரு வரிசை, இன்னொரு வரிசை, உங்கள் முகம் மறைந்தது. நான் ஏதோ கேட்டேன், நீங்கள் ஏதோ சொன்னீர்கள், எனக்குக் கேட்கவில்லை. இத்தனை மாதம் எந்தச் சுவருக்காகத் தவம் கிடந்தோமோ அது வந்ததும் எனக்கு அழுகை வந்தது, அக்கா. சிரிப்பாக இல்லை?

நீங்கள் கரண்டியோடு சுற்றிக்கொண்டு ஓடி வந்தீர்கள். "கொத்தனாரே, இந்த எடத்துல நாலு கல்லை எடுங்க. ஒரு ஜன்னல் வைங்க."

"பிளான்ல இல்லீங்களே அம்மா. திரும்ப எழுதிக் கொடுத்துத்தானுங்க..."

"திரும்ப எழுதிக் கொடுத்தா அடுத்த தீபாவளி ஆயிரும். நானும் இவளும் பேசறதுக்குப் போர்டுல உத்தரவு வாங்கோணுமா? எடுங்க கல்லை."

தலை தீபாவளி முடிந்து எங்களைக் கொண்டுவிட அப்பாவே வந்தார். ஓடு வேய்ந்த புது அறையில் சுண்ணாம்பு இன்னும் முழுதாகக் காயவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். அந்த ஜன்னலில் உங்கள் முகம் தெரிந்தது. "மாமா, காபி போடட்டுங்களா?" அப்பா உங்களைப் பார்த்தார், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். "இனி நானே கூப்பிட்டாலும் இவ வரமாட்டா" என்றார்.

போன வருஷம் உங்களுக்கு முடியாமல் போனபோது, காற்று நன்றாக வருகிறது என்று அந்த அறையில்தான் படுக்க வைத்தோம். எழுந்து உட்காரக்கூட ஆகாத நாளிலும் ஜன்னல் வழியாக உங்கள் அதிகாரம் ஓயவில்லை. "என்ன அம்மிணி கொதிக்குது? பூண்டு தட்டிப் போட்டியா?" போட்டேன் என்று நான் சொன்னால்தான் கண்ணை மூடுவீர்கள். இப்போது அடுப்புப் புகை அறைக்குள் போகிறது, அந்த ஜன்னலை அடைத்துவிடலாம் என்கிறார் இவர். இந்த வீட்டில் வேறு எதற்கு வேண்டுமானாலும் சம்மதிப்பேன், இதற்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பதில் வராது என்று எனக்குத் தெரியாதா, அக்கா? ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டுத்தான் சட்டியை இறக்குகிறேன்.

இன்றைக்குக் கொள்ளுப்பருப்பு. பூண்டு தட்டிப் போட்டுவிட்டேன்.