மூப்பர் வீட்டுப் பிள்ளைக்கு நான் இட்ட பேர்

சிரங்கூன் ரோடு, சிங்கப்பூர்
1912ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம்

தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாயிருக்கும் என் அருமை மகள் ஞானதீபத்துக்கு அம்மா எழுதுவது. தேவன் காத்துவருவதால் நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். அப்பாவுக்கு இருமல் தணிந்திருக்கிறது, ஆனாலும் மழையில் நனைந்துகொண்டேதான் அச்சுக்கூடத்துக்குப் போகிறார். நீ ஈரத்தலையோடு கடற்காற்றில் நிற்காதே.

இனி எழுதுவதைக் கதவைச் சாத்திக்கொண்டு படி, சிரித்தால் வெளியே கேட்கும். போன வருஷம் உபதேசியார் காய்ச்சலில் கிடந்த ஞாயிற்றுக்கிழமை, வேறு ஆளில்லாமல் நீ சுவிசேஷம் வாசித்து நாலு வார்த்தை விளக்கம் சொல்லப்போக, சபை மூப்பர் தேவாசீர்வாதம் எழுந்து, பொம்பளை பேச இது என்ன சந்தையா, இறங்கு கீழே என்று சபை நடுவில் அதட்டினாரே, ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே, பிள்ளைகளுக்கு நீ வேதபாடம் சொல்லிக்கொடுத்ததையும் நிறுத்தி உன்னைக் கப்பலேற வைத்தாரே, அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அவருடைய மருமகள் எஸ்தருக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது, மூச்சு வராமல் நீலம் பாரித்துக் கிடந்தது. நம் பாதிரி ஐயர் பினாங்குக்குப் போயிருந்தார், உபதேசியார் ஜொகூர்த் தோட்டங்களில், மூப்பர் துறைமுகத்தில். மருத்துவச்சி நூருன்னிசா ஓடிவந்து, அக்கா, புள்ள தங்காது போலிருக்கு, உங்க வேதத்துல என்ன செய்யணுமோ வந்து செஞ்சிடுங்க, தாய் கெடந்து அழுவுது என்றாள். ஐயர் இல்லாத ஆபத்துவேளையில் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம் என்று நம் சபை ஒழுங்கில் இருப்பதை நீதானே எனக்குச் சொன்னாய். போனேன். பேர் என்ன என்றேன். மாமாவைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது, நீங்களே வைங்க அத்தை என்று எஸ்தர் அழுதாள். ஞானதீபம் என்று பேரிட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லித் தலையில் தண்ணீர் வார்த்தேன். தற்செயலாய் வாயில் வந்த பேர் என்று ஊருக்குச் சொல்லலாம். உன்னிடம் பொய் எதற்கு, நினைத்துத்தான் வைத்தேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மூப்பர் வந்து குதித்தார், பொம்பளை கொடுத்தது ஞானஸ்நானமே இல்லை, ஐயர் மறுபடி கொடுத்து வேறு பேர் வைப்பார் என்று தேக்காக் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஐயர் திரும்பி வந்து, ஒரு தரம் கொடுத்ததை மறுபடி கொடுக்கிறது பாவம், பேரும் அதேதான் என்று தீர்த்துவிட்டார். அது மட்டுமா, கொடுத்தவர் சபைக்குமுன் சாட்சி சொல்லவேண்டும் என்று போன ஞாயிறு ஆராதனையில் என்னைக் கூப்பிட்டார். உன்னை இறக்கிய அதே படியில் ஏறி நின்றேன், பக்கத்தில் குழந்தையை ஏந்திக்கொண்டு மூப்பர். எதைக்கொண்டு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று ஐயர் கேட்க, கடைசி வாங்கில் உட்கார்ந்தவருக்கும் கேட்கும்படி சொன்னேன். யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன், இந்தப் படியிலிருந்து மூப்பர் இறக்கிவிட்ட என் மகள் என்று. மூப்பர் முகம் சூளைச் செங்கலாய்ச் சிவந்தது. வாசலில் வழிமறித்து, இப்பத் திருப்திதானேம்மா உனக்கு என்றார். இன்னும் இல்லைங்க என்றேன். வீட்டில் குழந்தையைப் பாப்பா என்றே கூப்பிடுகிறாராம். எத்தனை நாளைக்கு முடியும்?

ஐயரையும் ரொம்ப மெச்சிக்கொள்ளாதே. ஆபத்தில் செல்லுபடியாகிற பெண்ணின் கை மற்ற நாளில் ஏன் செல்லாது, பிரசங்கபீடத்தில் அவள் ஏன் நிற்கக்கூடாது என்று கேட்டேன். அது வேறம்மா, காலம் வரட்டும் என்று சிரித்தார். காலம் என்ன கப்பலா, தானாய் வந்து துறை சேர? ஆகையால் படிப்பை விடாதே, அங்கே பெரிய ஐயர்மார் பேசும்போது கதவோரமாய் நின்றாவது கேட்டுக்கொள்.

மூப்பரை மன்னித்துவிடு என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுதாதே. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன்னிப்பைப்பற்றின வரி வரும்போது மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நீ பிரசங்கபீடத்தில் நின்று பேச, முன்வாங்கில் உட்கார்ந்து அவர் கேட்கட்டும், அன்றைக்கு அந்த வரியைச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் நாவுக்கும் நெஞ்சுக்கும் கர்த்தர் பலம் தரட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறவாதே. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அன்னபாக்கியம்