அந்தோணியின் பந்துக் குழாய்

என் ஆசை மாப்ளே அந்தோணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. ராஜபாளையத்தில் உன் வீடு கூட்டம் தாங்கவில்லை. மில்லில் உன்னோடு ஷிப்டு பார்த்தவர்கள் பாதி, கிரிக்கெட்டில் உன்னிடம் அடி வாங்கிய எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பாதி. பிரியாணியில் உப்பு கொஞ்சம் தூக்கல். நீ இருந்தால் சொல்லியிருப்பாய். நீ இல்லாததால் அதை நானே சொல்லிவிட்டு, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். நீயும் ஒரே பதிலைச் சொல்லி என்னை ஏய்த்துக்கொண்டே இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

பொங்கலுக்குப் பொங்கல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆட்டம். நாங்கள் தோற்றால் உங்களுக்குப் பால்கோவா. நீங்கள் தோற்றால் எங்களுக்குப் புரோட்டா. நான் சொல்ல வருகிற ஆட்டத்துக்கு முந்தின பொங்கலில் எங்களைப் பால்கோவா வாங்க வைத்தவன் நான்தான். உயரமாக வந்த ஒரு லேசான கேட்ச். அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றேன். பந்து எனக்கு நாலடி பின்னால் விழுந்து உருண்டது.

அன்றோடு என் பெயர் ஓட்டைக்கை முருகேசன். எங்கள் மடவார் வளாகத்தில் பால் ஊற்றுகிறவர்கூட, செம்பை ரெண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிச் சிரித்தார். இன்னொரு தரம் விட்டால் அடுத்த வருஷம் தண்ணிக் குடத்துக்குக் காவல் இருக்கலாம் என்று எங்கள் கேப்டன் சொல்லிவிட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ மில்லில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். நான் அதே மில்லில் நூற்பு. டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாய்.

"மச்சான், ஒங் கையில குத்தமில்லலே. காலுதான் கெளம்ப மாட்டேங்கு. ஒசரத்துல இருந்து வார பந்த நெறையாப் பாத்தா எல்லாம் சரியாயிரும்."

அவ்வளவு உயரம் யார் எறிவது என்று கேட்டேன். காற்று எறியும் என்றாய். எதிர் அணிக்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். ஆட்டம் பொங்கலுக்குத்தானே, அதுவரைக்கும் நாம் எதிரி இல்லையே என்றாய்.

காயலான் கடையில் ஒரு தடித்த இரும்புக் குழாயைப் பிடித்தாய். இரண்டு முனையையும் அடைத்து, ஒரு பக்கம் சைக்கிள் டியூப் வால்வையும் மறுபக்கம் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகு வால்வையும் பற்றவைத்தாய். அதற்கு மேலே, டென்னிஸ் பந்து போகிற அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஊருக்கு வெளியே பொட்டலில் வைத்து, சைக்கிள் பம்பால் நாற்பது அடி அடித்தேன். நீ ஏதோ ராக்கெட் விடுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திருகினாய். காற்று புஸ்ஸென்று முனகியது. பந்து மெதுவாகத் தலையை நீட்டி, வெளியே வந்து, உன் கால் விரலில் விழுந்தது. நான் தரையில் உருண்டு சிரித்தேன். நீ சிரிக்கவே இல்லை. காற்று ஒரே மூச்சில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குழாயைச் சைக்கிளில் கட்டினாய்.

மறுவாரம் ஒரே இழுப்பில் திறக்கிற லிவர் வால்வோடு வந்தாய். பந்துக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தது. பேண்டேஜ் துணி நெய்கிற நம் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? பந்தின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளினாய். லிவரை இழுத்ததும் 'டொப்'. பந்து வேப்பமரத்தைத் தாண்டி, கண்ணுக்குப் புள்ளியாகி, மம்சாபுரம் பக்கத்துக் கடலைக் காட்டில் போய் விழுந்தது. அங்கே களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து குழாயைப் பார்த்து, "ஏலே, வானத்துக்காலே தண்ணி பாய்ச்சுதிய?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா?

அப்புறம் ஞாயிறு தவறாமல் காலையில் அதே பொட்டல்தான். பம்பு அடிக்கிறதும் நான், மூச்சு வாங்க ஓடிப் பிடிக்கிறதும் நான். நீ லிவர் பிடிக்கிற முதலாளி. பேண்டேஜ் அவிழ்ந்து வால் முளைத்த பந்து கீழே இறங்கும். சைக்கிளில் போனவர்கள் நின்று யாருக்கு அடிபட்டது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மில்லில் காற்றுக் குழாயைத் திறக்கும் முன் "ஏர்!" என்று சத்தம் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தப் பழக்கத்தை நீ பொட்டலுக்கும் கொண்டுவந்தாய். ஒவ்வொரு தரமும் முதலில் "ஏர்!", பிறகுதான் லிவர். முதல் மாதம் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றேன். போகப் போக, உன் சத்தம் கேட்டாலே என்னைக் கேட்காமல் என் கால்கள் ஓட ஆரம்பித்தன.

பொங்கல் வந்தது. கடைசி ஓவர், உங்களுக்குக் கடைசி விக்கெட், நாலு ரன் வேண்டும். மட்டையோடு நிற்பது நீ. விளாசினாய். பந்து என் தலைக்கு மேலே வானத்துக்கு ஏறியது. அண்ணாந்தேன். மாப்ளே, அன்று பார்த்து என் கால் மறுபடியும் நட்டுக்கொண்டது. ஓட்டைக்கை என்ற பெயர் சாகும்வரை போகாது என்று அந்த நேரத்தில்கூட நினைத்தேன்.

அப்போது பிட்சிலிருந்து ஒரு குரல்.

"ஏர்!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பந்து என் நெஞ்சோடு இருந்தது. எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். உங்கள் கேப்டன் தொப்பியை உன் மேல் வீசி, எதற்குக் கத்தினாய் என்று கேட்டார். மில்லுப் பழக்கம், தன்னால் வந்துவிட்டது என்றாய். சாயங்காலம் என் இலையில் நீயே புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினாய். நிஜத்தைச் சொல் என்றேன். "வாய்ப்பழக்கம்லே மச்சான், தின்னு" என்றாய். உன் கல்யாணத்தில் கேட்டேன், என் மகள் காதுகுத்தில் கேட்டேன், கடைசியாக ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் கேட்டேன். அதே வாய்ப்பழக்கம். அதே சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு, உன் மனைவி லூர்து பரணிலிருந்து சாக்கு சுற்றிய ஒன்றை இறக்கச் சொன்னாள். நம் குழாய்! லிவருக்குக் கிரீஸ்கூட போட்டு வைத்திருந்தாய். இதை என்ன செய்வது என்று கேட்டாள். ஒரு தரம் விட்டுப் பார்ப்போம் தங்கச்சி என்றேன். தெருமுனை மைதானத்தில் நாற்பது அடி அடித்ததில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. லூர்து லிவரைப் பிடித்தாள். நான் தள்ளிப் போய் நின்றேன். அவளிடம் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அவள் மூச்சை இழுத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி "ஏர்!" என்றாள். என் கால்கள் ஓடின. பந்து விரலில் பட்டுத் தெறித்துவிட்டது, அதை விடு.

சத்தம் கொடுக்க உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

"அவியதாம்ணே. சத்தம் குடுக்காம விட்டா ஒங்கண்ணன் நின்ன எடத்துலயே நிப்பான்னு சொல்லுவாவ. அந்தப் பொங்க ஆட்டத்துல ஒங்க மொகத்தப் பாத்தாவளாம். மனசு கேக்கலயாம், குடுத்துட்டாவளாம்."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுது முடிக்கும் முன் சிரிப்பு வந்தது. நாலு ரன் மாப்ளே. உன் ஊர் ஜெயிக்க வேண்டிய நாலு ரன். தான் அடித்த பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், கீழே நிற்கிறவன் முகத்தை எவனாவது பார்ப்பானா?

இப்போது வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டது. டிவியில் ஒவ்வொருவனும் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறான். யாருக்கும் யாரும் சத்தம் கொடுத்து நான் பார்க்கவில்லை. இதைப் படித்துவிட்டு உங்கள் பழைய கேப்டன் சண்டைக்குக் கிளம்பினால், நேரே என்னிடம் வரட்டும். அன்றைக்கு நான் தின்ற புரோட்டாவை அவருக்குத் திருப்பி வாங்கித் தருகிறேன்.

வருகிற பொங்கலுக்கு உன் குழாய் மைதானத்துக்கு வருகிறது. ஆட்டத்துக்கு முன்னால் கேட்ச் பிடிக்கிற போட்டி. யார் வேண்டுமானாலும் நிற்கலாம், எந்த ஊராக இருந்தாலும் சரி. பம்பு நான் அடிப்பேன், லிவர் லூர்து பிடிப்பாள். கீழே நிற்கிறவன் முகத்தை ஒரு தரம் பார்த்து, சத்தம் கொடுத்த பிறகுதான் பந்து மேலே போகும். இது சத்தியம்.

ஓட்டைக்கையாக இருந்தபோதும் நீ கைவிடாத உன் மச்சான்,
முருகேசன்
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்