ழ விழாத லேப்டாப்

கரிக்கலாம்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் அர்ச்சனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், படியேறும்போது அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்கு இப்படிக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுகிறாள். லேப்டாப்பில் அடிக்கலாம் என்றால் சொல்ல வந்த விஷயமே அந்த லேப்டாப்தான்.

நீ காலேஜில் வைத்திருந்து போகும்போது எனக்கு விட்டுப் போனாயே, அதற்குப் பதினோரு வயது ஆகிறது. பேட்டரி செத்து இரண்டு வருடம், வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். திறந்து எழுத்து அடிக்க ஒன்பது நிமிடம் ஆகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். மூடி நிற்காததால் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்கிறேன். இனி அப்டேட் வராது என்று தினமும் ஒரு கட்டம் வந்து மிரட்டுகிறது. இதெல்லாம் பழகிப்போயிற்று, ஆனால் மூன்று மாதமாக ஒரு கட்டை அமுங்குவதில்லை. அது ழ இருக்கும் கட்டை, கேள்விக்குறியும் அதிலேதான். பாகூர், வில்லியனூர் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துக்கும் முப்பத்தொரு வருடமாகப் பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவனுக்கு ழ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். விழாவை நிகழ்ச்சி என்று மாற்றினேன். மழையைத் தூறல் என்றேன். குழந்தையைப் பிள்ளை என்றேன், ஏழு என்பதை 7 என்று எண்ணில் போட்டேன். தப்பவே முடியாத இடத்தில் பழைய செய்தி ஒன்றைத் திறந்து அதிலிருந்து ஒரு ழ எடுத்து ஒட்டுவேன். அம்மா இதைப் பார்த்துவிட்டு, "போன்லயே தட்டி அனுப்பக் கூடாதா, இன்னாத்துக்கு இந்தப் பொட்டிய கட்டினு மாரடிக்கிறீங்க" என்கிறாள். போனில் என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அழுத்துகிறதே, அதற்கு என்ன செய்ய.

போன மாதம் அடித்த காற்றில் ஒதியம்பட்டில் வாழை முழுக்கச் சாய்ந்தது. நேரில் போய் எண்ணி வந்தேன், ஏழு ஏக்கர். அதில் ஒன்றரை ஏக்கர் அந்த ஊர் விவசாயி சிங்காரவேலு குத்தகைக்கு எடுத்தது. தார் வெட்ட இருபது நாள்தான் இருந்தது. ஐந்து மணிக்குள் செய்தி போக வேண்டும், கரண்ட் வந்து வந்து போகிறது, ஒவ்வொரு தடவையும் ஒன்பது நிமிடம். அவசரத்தில் ழ வர வேண்டிய இடத்திலெல்லாம் ள போட்டு, கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று அடித்தேன். மாற்றாமலே அனுப்பிவிட்டேன். மறுநாள் பேப்பரில் "ஒதியம்பட்டில் 7 ஏக்கர் வாளை சேதம்" என்று என் பெயரோடு வந்தது. நல்லவாட்டு மீனவர் ஒருவரிடமிருந்து காலை ஆறு மணிக்கே போன், "அண்ணே, எங்களுக்கு வலையில மாட்டாத வாளை உங்களுக்கு வயல்ல கெடைக்குதா" என்று. நானும் சிரித்தேன்.

ஆனால் சிங்காரவேலு அந்தச் செய்தியை வெட்டி நிவாரண மனுவோடு குத்திக்கொண்டு போயிருக்கிறார். வரிசையில் நின்ற யாரோ அதைப் படித்துவிட்டு, "யோவ் சிங்காரவேலு, நீ மீன் ஆபீசுக்குல்ல போவணும், வரும்போது எனக்கு ரெண்டு துண்டு எடுத்துனு வா" என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவர் மனுவைக் கொடுக்காமலே திரும்பிவிட்டார். மனு கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க எழுதினா நம்புவாங்கன்னு வெட்டி எடுத்துனு போனேன் சார்" என்றார், அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து மனுவைக் கையால் புதிதாக எழுதி, மறுநாள் கூடவே போய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தோம். பேப்பரில் திருத்தமும் போட்டார்கள், நான்கு நாள் கழித்து, விரல் அகலத்துக்கு.

அன்றிலிருந்துதான் எனக்குக் குழப்பம். கட்டை பழசா, நான் பழசா என்று தெரியவில்லை. ழ விழாதது லேப்டாப்பின் குற்றம், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்காதது யார் குற்றம். வில்லியனூரில் மாலிக்கின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தனியாக ஒரு கீபோர்டு வாங்கிச் சொருகினால் இப்போதைக்கு ஓடும் என்றான். பேட்டரி வேண்டுமா என்றேன், அதையும் இன்னும் உள்ளே இரண்டு சாமானையும் மாற்றினால் பாதி புதுசு வாங்கின மாதிரி என்றான். கம்பெனிகளில் கழித்துக் கட்டிய லேப்டாப்பைச் சுத்தம் பண்ணி ஒரு வருட கியாரண்டியோடு வைத்திருக்கிறான், எனக்கு அது தாராளமாகப் போதுமாம். உன் சித்தி தனக்கொடி புதுசுதான் வாங்க வேண்டும், அடுத்தவன் கை பட்டது வேண்டாம் என்கிறாள். நீ அங்கிருந்து அனுப்புகிறேன் என்கிறாய். எதைக் கேட்டாலும் அது சரி என்றே படுகிறது. கடைசியில் மாலிக், "அதெல்லாம் இருக்கட்டும் சார், உங்களுக்கு எத்தினி வருஷம் ஓடணும், அத சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டான். அறுபத்து மூன்று வயதில் இதற்கு என்ன பதில் சொல்வது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒரு வருடம் என்றால் கீபோர்டே போதும். அதற்கு மேல் என்றால் மாற்ற வேண்டும். நிறுத்திவிடுவதென்றால் எதுவுமே வேண்டாம். பன்னிரண்டு நாள் செய்தி எதுவும் அனுப்பவில்லை, அம்மாவிடம் கண் எரிகிறது என்று சொல்லி வைத்தேன்.

நேற்று சாயங்காலம் சிங்காரவேலு சைக்கிளில் வந்தார். நிவாரணம் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன், அது இன்னும் வரவில்லை. அவர் வந்தது வேறு விஷயத்துக்கு. வாய்க்காலைத் தூர்த்து மனைக்கு வழி போடுகிறார்களாம், தண்ணீர் இறங்கவில்லையாம். "வந்து பாத்து எழுதுங்க சார்" என்றார். என்னிடமா கேட்கிறீர், போன தடவை நடந்தது போதாதா என்றேன். "வாய்க்காலுக்கு எந்த ல, சொல்லுங்க பாப்போம்" என்றார். அதில் ழ இல்லை என்றேன். "அப்ப இன்னா பயம், காலைல வாங்க" என்று போய்விட்டார்.

இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாளை மாலிக்கிடம் நான்கு வருடம் என்று சொல்லப்போகிறேன். சரியான கணக்கா என்று தெரியாது, சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் கழித்ததே போதும், நீ எதுவும் அனுப்ப வேண்டாம். வாங்குவதற்கு முன் அந்தக் கட்டையை நூறு தடவை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். பழையதில் உன் காலேஜ் படங்கள் இருக்கின்றன, எவற்றை எடுத்து வைக்க வேண்டும் என்று மறக்காமல் நாளைக்குள் சொல், பிறகு மாலிக் எல்லாவற்றையும் அழித்துவிடுவான். ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே.

நீ எந்தக் குறையுமில்லாமல் நீடூழி வாழ்க. இந்த ஒரு வரியில் மட்டும் ழ இரண்டு இருக்கிறது பார், இதை எப்படி அந்தப் பெட்டியில் அடித்திருப்பேன்.

அன்புடன்
உன் அப்பா
கலைச்செல்வன்

அம்மா செல்வகுமாரி பக்கத்தில் நின்று படித்துவிட்டாள். கண் எரிச்சலுக்கு வாங்கி வைத்த சொட்டு மருந்தை யார் கண்ணில் விடுவது என்று கேட்கிறாள்.